இடைக்கால ஆணையும் குழந்தை நலமும்



கணவனும் மனைவியும் மனம் வேறுபட்டுப் பிரிந்து வழக்குமன்றம் ஏறினால், அவ்வழக்கு முடிய ஆண்டுகள் சில செல்லக்கூடும். அதுவரை குழந்தை யாரிடம் வளர்வது? பள்ளிக் கட்டணத்தை யார் செலுத்துவது? உடன் இல்லாத தாயையோ தந்தையையோ அது எப்போது காண்பது? வழக்கின் முடிவுக்குக் காத்திராமல் இவ்வினாக்களுக்கு நீதிமன்றம் தரும் விடைக்கே இடைக்கால ஆணை என்று பெயர்.

சட்டங்களையும் அரசாங்க ஆணைகளையும் தமிழில் பெயர்த்தெழுதுவது என் அலுவல். 'இடைக்காலம்' என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் என் மனம் சற்றே தயங்கும். 40 வயதானவருக்கு 2 ஆண்டு என்பது இடைக்காலமாக இருக்கலாம். 4 வயதுக் குழந்தைக்கோ அது வாழ்நாளில் பாதி! வழக்கு நடக்கும் அந்நாட்களில்தான் அது எழுத்தறிகிறது. உறவினர் முகங்களை மனத்தில் பதித்துக்கொள்கிறது. அக்காலத்தை எந்த நீதிபதியாலும் பின்னர் மீட்டுத் தர இயலாது.

சித்தூர்ச் சீமையோடு தொடர்புடைய பழைய வழக்கு ஒன்று இங்கே நினைக்கத் தக்கது. 1911 முதல் 2022 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில், 1895-ஆம் ஆண்டில் பிறந்தவர் தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவருடைய அன்னையார் 1905-இல் காலமானார். தந்தையார் நாராயணையா 1910-இல் கிருஷ்ணமூர்த்தியையும் அவர் தம்பி நித்தியானந்தரையும் அன்னி பெசன்ட் அம்மையாரின் பொறுப்பில் ஒப்படைத்தார். பின்னர் மனம் மாறினார். பிள்ளைகளைத் திரும்பப் பெற வேண்டி 1912-இல் செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, 1913-இல் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. 1914-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை நீக்கியது. சிறுவர்கள் அப்போது இங்கிலாந்தில் இருந்தார்கள். செங்கற்பட்டு எல்லைக்குள் வசிக்கவில்லை. அவர்களுடைய நலமும் விருப்பமும் உரியவாறு ஆராயப்படவும் இல்லை. வழக்குத் தொடங்கியபோது மூத்தவருக்கு வயது 17!

இது பெற்றோர் பிரிவால் எழுந்த வழக்கன்று. எனினும் இன்று திருப்பதியிலோ சித்தூரிலோ வழக்காடும் பெற்றோர் இதனின்று இரண்டு செய்திகளை அறிந்துகொள்ளலாம். காப்பாளர் சட்டப்படி மனுவை, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில் கொடுக்கவேண்டும் என்பது ஒன்று. பெரியோர் இருவரின் உரிமைப் போரில் குழந்தையின் குரல் எளிதில் அமுங்கிப்போகும் என்பது மற்றொன்று.

சட்டம் இக்குறையை உணர்ந்தே இருக்கிறது. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் 12-ஆம் பிரிவில், குழந்தையைத் தன்முன் கொண்டுவரச் செய்யவும், தற்காலிகமாக ஒருவர் பொறுப்பில் விடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் 26-ஆம் பிரிவில், குழந்தைகளின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியவை குறித்து இடைக்கால ஆணை இட வகைசெய்து, இயன்ற இடங்களில் அவர்களுடைய விருப்பத்தையும் கருதச் சொல்கிறது. வழக்கு நடக்கும்போது பிள்ளைகளின் பராமரிப்பும் கல்வியும் வேண்டித் தரும் மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த 60 நாட்களுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்பது 2001-இல் சேர்ந்த விதி. கிறிஸ்தவர்களுக்கும், சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தோருக்கும் அவரவர் சட்டங்களில் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. 5 வயது நிரம்பாத இந்துக் குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கவேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலத்தையே அச்சட்டமும் வைக்கிறது.

இனி நடைமுறையைப் பார்ப்போம். தாய் திருப்பதியிலும் தந்தை சித்தூரிலும் வாழ்வதாகக் கொள்வோம். 'தந்தை குழந்தையைப் பார்க்கலாம்' என்று மட்டும் ஆணை இருந்தால், வாரந்தோறும் வாசலில் சச்சரவுதான் மிஞ்சும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எவ்விடத்தில் ஒப்படைப்பது; கோடை விடுமுறையை எவ்வாறு பகிர்வது; தொலைபேசியில் பேசும் நேரம் எது; மருத்துவச் செலவு யாருடையது என்பன தெளிவாக எழுதப்படவேண்டும். பள்ளியில் தெலுங்கு பயிலும் குழந்தை, வீட்டில் பாட்டியோடு தமிழில் கதை பேசுவது இப்பகுதியில் இயல்பு. அந்தப் பாட்டியைக் காணும் நாளும் அதன் நலத்தில் அடங்கியதே. ஆகவே மனுவில் பிறர்மேல் பழி அடுக்குவதைக் குறைத்து, குழந்தையின் ஒருநாள் வாழ்வை விவரிப்பது மேல்.

இடைக்கால ஆணை ஒருவருடைய வெற்றியும் அன்று. மற்றவருடைய தோல்வியும் அன்று. நிலைமை மாறினால் அதனை மாற்றக் கோரலாம். குழந்தைகள் பெற்றோரின் உடைமைகள் அல்லர் என்பதையும், அவர்களைப் பற்றிய ஆணைகள் காலத்துக்கேற்ப மாறக்கூடியவை என்பதையும், சென்னையிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில் உச்சநீதிமன்றம் 1973-இலேயே தெளிவாக்கியது. ஆயினும் மாற்றும்வரை ஆணைக்கு அடங்கி நடப்பது கடமை. குறித்த நாளில் குழந்தையை அனுப்பாமல் ஒளிப்பவர் மற்றவரைத் தண்டிப்பதாக எண்ணுகிறார். உண்மையில் தண்டனை பெறுவது, புத்தாடை உடுத்தித் திண்ணையில் காத்திருக்கும் அந்தக் குழந்தையே.

கணவன் மனைவி என்ற உறவை நீதிமன்றம் முறிக்கலாம். தாய், தந்தை என்ற உறவை முறிக்க எச்சட்டமும் இல்லை. வழக்கு எப்படி முடிந்தாலும், அது நடந்த நாட்களில் நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதைக் குழந்தை நினைவில் வைத்திருக்கும். வழக்காடும் பெற்றோர் இதனை மறவாதிருப்பாராக.