கேட்டால் தராத டி.சி., கேட்காமல் தரும் டி.சி.

(இராஜபாளையத்தில் மாணவர்களிடையே ஆற்றிய உரை)



இராஜபாளையத்தில் நூற்பாலை, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வயல்வேலை. கூலி கிடைக்கும் ஊருக்குக் குடும்பம் போகிறது. பிள்ளையும் பள்ளி மாறுகிறது. டி.சி. கேட்டால், "பாக்கியைக் கட்டிவிட்டு வா" என்கிறது தனியார் பள்ளி.

சட்டம் என்ன சொல்கிறது? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு வரை எந்தக் காரணத்துக்காகவும் அரசுப் பள்ளிக்கோ அரசு உதவிபெறும் பள்ளிக்கோ மாறலாம். மாநிலம் விட்டு மாநிலமும் போகலாம். தலைமையாசிரியர் உடனே டி.சி. தர வேண்டும், இழுத்தடித்தால் ஒழுங்கு நடவடிக்கை. டி.சி. வரவில்லை என்று புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. கட்டண பாக்கியை டி.சி.யில் குறிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இன்னொரு டி.சி. உண்டு. சாதி சொல்லித் திட்டினார்கள் என்று பிள்ளை புகார் சொன்னால், கேட்காமலே நீட்டுகிற டி.சி. எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு. 2023இல் நாங்குநேரியில் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாதிருந்த மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். ஒதுங்கிப் போனவனைச் சாதி விட்டுவிடவில்லை, தோழர்களே.

ஆகவே, போக நினைத்தால் எழுத்தில் மனு கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். போகச் சொன்னால், அதையும் எழுத்தில் கேளுங்கள். மாற வேண்டியது அந்தப் பள்ளி. நம் பிள்ளை அல்ல.