நுரையை எடுத்தால்தான் மீன் நிற்கும்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், கடலோர ஊர்க் குழு ஒன்றின் ஊக்குநரும் பிரதிநிதிகளும் சேர்ந்து பேசியது)



நாங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள். குழுவில் 12 பேர். ஆட்டுக் கடன், கருவாட்டுக் கடன் எல்லாம் வாங்கித் தவணை தவறாமல் அடைத்தவர்கள். அதற்குப் பிறகு கோமாளி மீன் வளர்ப்பில் இறங்கினோம். பிள்ளைங்க ‘நெமோ மீன்’னு சொல்லுமே, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டிருக்கும், அதுதான். இந்த மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு எடுக்கும் முறையை, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். குஞ்சை வாங்கி வந்து, பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டியில் வளர்த்து விற்பது எங்கள் தொழில்.

இன்னைக்கு நாங்க மீனைப் பத்திப் பேச வரலை. மோட்டாரையும் நுரை எடுக்கிற கருவியையும் பத்திப் பேச வந்திருக்கோம். எங்கள் கடன் பணம் மூழ்கப் பார்த்தது அங்கேதான்.

முதலில் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறோம். தொட்டி கட்டி முடித்தபோது கையில் பணம் குறைவு. வீட்டுக் கிணற்றுக்குப் போடும் அரை எச்.பி. மோட்டார் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ‘தண்ணீர் இறைத்தால் போதாதா’ என்று வாங்கி மாட்டிவிட்டோம். நுரைக் கருவி வேண்டாம், மெத்தைப் பஞ்சு வைத்து வடிகட்டினால் போதும் என்று நாங்களே முடிவு செய்தோம். நாலாம் நாள் தொட்டியில் இருந்த கடல் சாமந்தி சுருண்டு போச்சு. அடுத்த சில நாளில் 300 குஞ்சில் 200-க்கு மேல் போய்விட்டது. தண்ணீரைப் பரிசோதித்தபோதுதான் செம்பு கலந்திருப்பது தெரிந்தது. அந்த மோட்டாருக்குள்ளே சுற்றுகிற சக்கரம் பித்தளை. உப்புத்தண்ணீர் பித்தளையை அரிக்கும். அதில் உள்ள செம்பு தண்ணீரில் இறங்கும். கடல் சாமந்திக்கும் இறாலுக்கும் கொஞ்சம் செம்பே விஷம். அளவு கூடினால் மீனையும் கொல்லும்.

அன்றைக்குக் குழுவில் பெரிய சண்டை. மோட்டார் வாங்கி வந்த அக்காவைத்தான் எல்லாரும் பேசினோம். அவர் ஒன்றும் சொல்லாமல் தீர்மான நோட்டை எடுத்துப் பிரித்து வைத்தார். அதில் 12 பேர் கையெழுத்தும் இருந்தது. விலையை மட்டும் கேட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் போட்ட கையெழுத்து. அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் ஒன்றொன்றாகக் கற்றுக்கொண்டோம். அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறோம்.

நுரைக் கருவி எதற்கு? கடைக்காரர்கள் இதை புரோட்டீன் ஸ்கிம்மர் என்பார்கள். பருப்பு கொதிக்கும்போது மேலே நுரை பொங்கும், அதைக் கரண்டியால் வழித்துப் போடுவோமே, அந்த வேலைதான். மீன் போடும் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் தண்ணீரில் கரையும். அதை அப்படியே விட்டால் அழுகி அம்மோனியாவாக மாறும். மீன் மூச்சுத் திணறும். கருவிக்குள் மிக நுண்ணிய காற்றுக் குமிழிகள் எழும்பும். அழுக்கு அந்தக் குமிழியில் ஒட்டி, நுரையாக மேலே ஏறி, தலையில் உள்ள கிண்ணத்தில் விழும். கச்சான் காற்றுக் காலத்தில் கரையில் மஞ்சள் நுரை ஒதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கடலும் இதே வேலையைத்தான் செய்கிறது. நல்ல தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். உப்புத்தண்ணீரில்தான் சிறிதாகவே நிற்கும். அதனால் இந்தக் கருவி உப்புநீர்த் தொட்டிக்குத்தான் ஏற்றது.

ஒன்று மறக்காதீங்க. அம்மோனியாவாக மாறிய பிறகு ஸ்கிம்மர் அதை எடுக்காது. அதற்கு நுண்ணுயிர் வளரும் வடிகட்டி தனியாக வேண்டும். அதில் பவளக்கல்லைப் போடாதீர்கள். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் பவளமும் இருக்கிறது. எடுத்தால் வழக்கு வரும். நாங்கள் கழுவி உலர்த்திய சிப்பி ஓடு போட்டிருக்கிறோம்.

கருவி வாங்கும் முன் தொட்டியை அளக்க வேண்டும். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். எங்கள் தொட்டி ஒன்று 180-க்கு 60, தண்ணீர் உயரம் 55. ஆக 594 லிட்டர். மூன்று தொட்டிக்கு 1,782. கீழே வடிகட்டித் தொட்டியில் 240. மொத்தம் சுமார் 2,000 லிட்டர்.

ஸ்கிம்மர் பெட்டியில் இத்தனை லிட்டருக்கு என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் மீன் குறைவாக உள்ள தொட்டிக்கான கணக்கு. நாங்கள் குஞ்சுக்கு ஒரு நாளில் பல தடவை தீனி போடுகிறோம், அழுக்கும் அதிகம். அதனால் 4,000 லிட்டர் என்று போட்டதை எடுத்தோம். அதற்காக அளவுக்கு மீறிப் பெரிதாகவும் வாங்கக் கூடாது. அழுக்கு போதவில்லை என்றால் நுரை கிண்ணம் வரை ஏறாது. கருவி நம் கீழ்த்தொட்டிக்குள் நிற்குமா, அதற்கு எவ்வளவு தண்ணீர் உயரம் வேண்டும், உதிரி பாகம் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

இனி பம்பு. உள்ளே தண்ணீர் படும் இடத்தில் இரும்பு, பித்தளை, செம்பு எதுவும் இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் சக்கரமும் பீங்கான் தண்டும் உள்ள, கடல்நீருக்கு என்றே செய்த பம்பு வேண்டும்.

அடுத்தது உயரம். பெட்டியில் போட்ட லிட்டர், தண்ணீரை மேலே ஏற்றாமல் பார்த்த அளவு. உயரம் ஏற ஏறக் குறையும். வளைவுக் குழாய் ஒவ்வொன்றும் இன்னும் குறைக்கும். இரண்டாவதாக நாங்கள் பார்த்த பம்பில் மணிக்கு 8,000 லிட்டர் என்று இருந்தது. கடையிலேயே ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் குழாய் பிடித்து 20 லிட்டர் வாளியில் விடச் சொன்னோம். வாளி நிரம்ப 18 விநாடி ஆச்சு. அப்படியென்றால் மணிக்கு 4,000 லிட்டர்தான். எங்களுக்கு மொத்தத் தண்ணீரும் மணிக்கு நாலு தடவை சுற்ற வேண்டும் என்று கணக்கு, அதாவது 8,000. 12,000 என்று போட்டிருந்த பம்பில் 9 விநாடியில் வாளி நிரம்பியது. அதை எடுத்தோம். வாளியும் கடிகாரமும் பொய் சொல்லாது, சகோதரிகளே.

மூன்றாவது கரண்டு. இந்தப் பம்பு இரவு பகல் ஓடும். 100 வாட் பம்பு நாளுக்கு 2.4 யூனிட், மாதம் 72 யூனிட் இழுக்கும். எங்கள் பழைய அரை எச்.பி. மோட்டார் சுமார் 500 வாட் இழுத்தது. மாதம் 360 யூனிட். மலிவு என்று வாங்கியதன் மிச்சத்தைக் கரண்டு பில்லே தின்றிருக்கும்.

மாட்டிய பிறகு ஓட விட்டு, வேண்டுமென்றே சுவிட்சை நிறுத்திப் பாருங்கள். கரண்டு போனால் மேல்தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும். அது பிடிக்கிற இடம் கீழ்த்தொட்டியில் இல்லை என்றால் தரையெல்லாம் வெள்ளம்தான். காற்று ஊதும் பேட்டரி பம்பு ஒன்றைக் கட்டாயம் கைவசம் வையுங்கள். எர்த் கம்பியும் இ.எல்.சி.பி.யும் போடாமல் ஈரக் கையோடு தொட்டிப் பக்கம் போகாதீர்கள். வயரை பிளக்குக்குக் கீழே தொங்க விட்டு மேலே கொண்டு போனால், வழியும் தண்ணீர் பிளக்கில் ஏறாது.

புதுக் கருவி முதல் நாளே நுரை தள்ளாது. எங்களுக்குப் பத்து நாள் ஆனது. கெட்டுப் போச்சோ என்று பயந்தோம்; பிறகு பழுப்பு நிறத்தில், மூக்கைப் பிடிக்கிற நாற்றத்தோடு கிண்ணம் நிரம்பியது. அந்த நாற்றத்துக்குச் சந்தோஷப்பட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்! கிண்ணத்தையும் அதன் கழுத்தையும் வாரா வாரம் கழுவுகிறோம். பிசுக்கு ஏறினால் நுரை ஏறாது. காற்றுக் குழாயில் உப்புக் கட்டினால் வெந்நீர் விடுகிறோம். பம்புச் சக்கரத்தில் சுண்ணாம்பு படிந்தால் வினிகரில் ஊற வைக்கிறோம். கழுவும் முறைக்கு 12 பேர் பெயரும் சுவரில் எழுதியிருக்கிறோம்.

அந்த முதல் நஷ்டத்தை 12 பேரும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டோம். அடுத்த குஞ்சுகள் வளர்ந்து விற்ற பணத்தில் பாக்கித் தவணையும் கட்டினோம். மோட்டார் வாங்கி வந்த அந்த அக்காதான் இப்போது எங்கள் கொள்முதல் பொறுப்பாளர். வாளியோடு கடைக்குப் போகிறவரும் அவர்தான்.

நீங்கள் மீன் வளர்க்காமல் இருக்கலாம். மாவு மில்லோ, தையல் மெஷினோ, பால் குளிரூட்டும் பெட்டியோ வாங்கலாம். எதுவானாலும் தீர்மான நோட்டில் விலைக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று வரி எழுதுங்கள். நம் தேவை எவ்வளவு, மாதக் கரண்டு எவ்வளவு, ரிப்பேர் வந்தால் பாகம் எங்கே கிடைக்கும். அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.