பதினைந்து வயதில் எந்த நாவல்?

(கோலார் தங்கவயலில் இளம் வாசகர்களுக்கான நூல் அலமாரி தொடங்கப்பட்டபோது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தங்கவயலின் பெயரை இன்று இந்தியாவில் அறியாத சிறுவர் அரிது. 2018இலும் 2022இலும் வெளிவந்த இரண்டு திரைப்படங்கள் அந்தப் பெயரை எல்லா மொழிகளுக்கும் கொண்டு சென்றுவிட்டன. இங்குள்ள சயனைடு மேடுகளிலேயே அதன் பல காட்சிகள் படமாக்கப்பட்டன. கதையில் சுரங்கத் தொழிலாளர்கள் திரள்திரளாக வருகிறார்கள். ஆனால் அவர்களுக்குப் பேச்சு இல்லை, சங்கம் இல்லை. வெளியிலிருந்து ஒரு வீரன் வந்து மீட்கும்வரை அடிமைகளாகக் குனிந்து காத்திருப்பதே அவர்களது வேலை. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குப் படிக்கப் போகும் ஒரு பெண், தன் ஊரைச் சொன்னதும் எதிர்கொள்ளும் முதல் கேள்வி அந்தப் படத்தைப் பற்றியதுதான்.

அவளுடைய கொள்ளுப்பாட்டனார் காலத்தில், 1930இல், கைரேகைப் பதிவைத் திணித்த நிர்வாகத்தை எதிர்த்து இதே ஊரின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குற்றவாளிகளைப் போல் விரலை மையில் அழுத்த மாட்டோம் என்று அவர்கள் மறுத்தபோது எந்த வீரனும் வெளியிலிருந்து வரவில்லை. 1946 நவம்பர் 4 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் இங்கே செங்கொடி ஏற்றப்படுகிறது. கூட்டத்தில் நரைத்த தலைகளே மிகுதி. சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. இன்று பதினைந்து வயதில் இருப்பவருக்கு அது பிறப்பதற்கு முந்திய செய்தி.

இந்தப் பிள்ளைகள் கையில் எந்த நாவலைக் கொடுப்பது என்ற கேள்வி இந்த இடத்திலிருந்து எழுகிறது. எந்த நாவலையும் கொடுத்தால் போதும் என்ற பதிலும், நல்ல நாவல்களின் பட்டியலை ஒட்டிவைத்தால் போதும் என்ற பதிலும் இங்கே உதவாது. தங்கள் வாழ்வைப் பற்றித் தாங்களே முடிவெடுக்கும் மனிதர்கள் நடமாடும் நாவல் வேண்டும். முடிவெடுப்பவருக்கு வாசகரின் வயதே இருக்குமானால் இன்னும் நல்லது.

கட்சிக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மகனோ மகளோ பத்தாம் வகுப்புத் தேறியதும் மக்சீம் கார்க்கியின் ‘தாய்’ கைக்கு வரும். சில வீடுகளில் ஒஸ்த்ரோவ்ஸ்கியின் ‘வீரம் விளைந்தது’ உடன் வரும். முதல் பக்கத்தில் அன்புடன் ஒரு கையெழுத்தும் இருக்கும். தொ.மு.சி. ரகுநாதன் தமிழில் தந்த ‘தாய்’ பல தலைமுறைத் தோழர்களை உருவாக்கிய நூல். ஆயினும் அந்தப் படிகளுள் பல நாற்பதாம் பக்கத்துக்கு மேல் மடிப்புக் கலையாமலே இருப்பதை வீட்டு அலமாரிகள் காட்டும். குற்றம் கார்க்கியினுடையது அன்று, பிள்ளையினுடையதும் அன்று. ஒரே மனிதருக்கு மூன்று பெயர்கள் வழங்கும் ருஷ்ய வழக்கம், கண்டிராத பனிக்காலம், அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்திய மொழிபெயர்ப்புத் தமிழ் ஆகிய மூன்றையும் ஒருசேரத் தாண்டச் சொல்வது, நீந்தத் தெரியாதவரை நடு ஆற்றில் இறக்கிவிடுவதைப் போன்றது. ‘தாய்’ மூன்றாவது அல்லது நான்காவது நூலாக வரட்டும். அப்போது அதன் தொடக்கத்தில் ஒலிக்கும் ஆலைச் சங்கு தங்கவயல் பாட்டிமாரின் நினைவிலுள்ள சங்கொலியோடு தானாகவே சேர்ந்துகொள்ளும்.

முதல் நூலாகப் பூமணியின் ‘வெக்கை’யைக் கொடுக்கலாம். 1982இல் வெளிவந்த சிறிய நாவல். பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற நிலக்காரனை வெட்டிவிட்டு ஓடுகிறான். தந்தையும் மகனும் காட்டிலும் கரட்டிலும் மறைந்து திரியும் சில நாள்களே கதை. ‘அசுரன்’ திரைப்படத்துக்கு இதுவே மூலம். படத்தைப் பார்க்காத பிள்ளை இங்கே இருக்காது என்பதால், புத்தகத்துக்குள் நுழையும் கதவு பாதி திறந்தே இருக்கிறது. படம் தந்தையின் வீரத்தை முன்னிறுத்தியது. நாவலோ சிறுவனின் பசியையும் அச்சத்தையும் தந்தையோடு அவன் பேசும் பேச்சையும் விட்டு நகர்வதில்லை. எது மெய்யாக இருக்கிறது என்று பிள்ளைகளே ஒப்பிட்டுச் சொல்லட்டும்.

இதற்கு ஒரு மறுப்பு எழும் என்பது தெரிந்ததே. தனிமனிதப் பழிவாங்கலைப் பேசும் நூலை ஓர் இடதுசாரி அமைப்பு சிறுவர்களுக்குப் பரிந்துரைப்பதா? மறுப்பு நியாயமானது; ஆனால் அதை நூலைத் தடுப்பதற்கான காரணமாக்கக் கூடாது. அந்தக் கொலை எதையும் தீர்க்கவில்லை என்பதை நாவலே காட்டுகிறது. குடும்பம் சிதறுகிறது, இறுதியில் அப்பாவும் மகனும் நீதிமன்றத்தில் சரணடையவே புறப்படுகிறார்கள். தனியொருவனின் அரிவாளால் எவ்வளவு தூரம் போக முடியும் என்ற கேள்வியை ஒரு பதினைந்து வயது வாசகர் தானே கேட்கும் இடம் அது. அந்தக் கேள்வி எழுமுன் பெரியவர்கள் விடையைச் சொல்லிவிட்டால் நாவல் அங்கேயே செத்துவிடும்.

அடுத்ததாக ‘எரியும் பனிக்காடு’. தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றித் தொழிற்சங்கத்தையும் கட்டிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்டார், இரா. முருகவேள் தமிழாக்கினார். மேஸ்திரியின் ஆசைவார்த்தையை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வால்பாறை மலைக்கு ஏறும் கருப்பனும் வள்ளியும், முன்பணக் கடனில் சிக்கித் திரும்ப வழியின்றி நிற்பதே கதை. வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தங்கவயலுக்குக் குடும்பம் குடும்பமாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையின் முதல் பாதியை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இராது. மலைக்குப் பதில் சுரங்கம், அட்டைக்குப் பதில் பாறைத் தூசி. சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலில் 1934இல் பதிவானது இதே வயலில்தான். படித்து முடித்த பிள்ளை வீட்டிலிருக்கும் முதியவரிடம் சென்று, “தாத்தா, நம்ம ஆளுங்க எப்படி இங்க வந்தாங்க?” என்று கேட்டால், நூல் தன் வேலையைச் செய்துவிட்டது.

சுரங்கத்தைப் பற்றியே நாவல் வேண்டுமென்பவர்களுக்குக் கு. சின்னப்ப பாரதியின் ‘சுரங்கம்’ இருக்கிறது. நிலக்கரித் தொழிலாளர் வாழ்வைச் சொல்வது. பெண் பிள்ளைகளுக்கு என்று தனி அலமாரி தேவையில்லை. ஆனால் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களின் உழைப்பைக் கண்முன் நிறுத்துவதால் ஆண் பிள்ளைகள் அதைக் கட்டாயம் படிக்க வேண்டும். டி. செல்வராஜின் ‘தோல்’ 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களிடையே சாதியும் வர்க்கமும் பின்னிக் கிடப்பதை விரிவாகச் சொல்வது. பருமன் கருதி அதைப் பதினேழு வயதுக்கு ஒத்திவைக்கலாம்.

மொழிபெயர்ப்புகளுள் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டுமானால் அது சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. 1924ஆம் ஆண்டையொட்டிய கிர்கீசியக் கிராமம். தாமே அரைகுறையாக எழுதப் படிக்கத் தெரிந்த தூய்ஷேன் என்ற இளைஞர் ஒரு பழைய லாயத்தைப் பள்ளியாக்குகிறார். குளிர்ந்த ஓடையில் இறங்கிக் குழந்தைகளைத் தோளில் தூக்கிக் கரையேற்றுகிறார். பதினான்கு வயது அநாதைப் பெண் அல்தினாயை அவள் சிற்றன்னை ஒருவனுக்கு இரண்டாம் தாரமாக விற்கும்போது அவளை மீட்டு நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறார். அவள் பெரும் அறிஞராகத் திரும்பி வரும் நாளில் கிராமத்தில் புதிய பள்ளியின் திறப்பு விழா. விருந்தில் எல்லோரும் அமர்ந்திருக்கிறார்கள். முதியவர் தூய்ஷேன் மட்டும் அங்கே இல்லை. தபால்காரராகிவிட்ட அவர் வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் குதிரையில் போய்விடுகிறார். விருந்தினர்கள் அவருடைய பழைய பள்ளியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இந்த ஊரின் லைன் வீடுகளில் இருமியபடி உட்கார்ந்திருக்கும் பழைய சங்கத் தோழர்களைக் கடந்து தினமும் நடக்கும் ஒரு பிள்ளைக்கு இந்தக் காட்சி என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு கடினமான செய்தியையும் மறைப்பதற்கில்லை. இங்குள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பயில்பவர்கள். தமிழில் சளைக்காமல் பேசுவார்கள். ஒரு பக்கம் படிக்கத் திணறுவார்கள். அதற்காக அவர்களைக் கடிந்துகொள்வது அநீதி. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ ஏடு, அவர் மறைவுக்குப் பின் 1920களில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு சாம்பியன் ரீஃபிலிருந்து வெளிவந்தது. சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை இங்கேயே பதிப்பித்தது. பொதுவுடைமை இயக்கம் இங்கே வேரூன்றுவதற்கு முன்பே எழுந்த மரபு அது. எழுத்தறியாத சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த ஊரில் ஓர் ஏடு வாழ வேண்டுமானால், ஒருவர் படிக்கப் பலர் கேட்பது ஒன்றே வழி. அந்த முறையை மறுபடி எடுக்கலாம். வாரம் ஒரு மாலை, ஒரு அத்தியாயம். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்கட்டும். ‘வெக்கை’யின் கரிசல் பேச்சு கண்ணைவிடக் காதுக்கு எளிது. ஆங்கிலத்திலேயே படிக்க விரும்பும் பிள்ளைக்கு டேனியலின் ‘ரெட் டீ’ இருக்கிறது. தமிழில் படிக்கவில்லை என்று முகம் சுளிக்க வேண்டாம்.

படித்ததும் “என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேட்கும் பழக்கத்தைத் தோழர்கள் கைவிடுவது நல்லது. அது பள்ளித் தேர்வின் கேள்வி. “யாரைப் பிடிக்கவில்லை?” என்று கேட்டால் பேச்சு ஒரு மணிநேரம் ஓடும். அலமாரியின் ஓரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். நூலை எடுத்தவர் பெயர், எடுத்த நாள் என்ற வழக்கமான பத்திகளோடு இன்னும் ஒன்று: முடிக்காமல் திருப்பித் தருபவர் எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்பது. அதை எழுத யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த எண்களைப் பார்த்துத்தான் அடுத்த முறை எந்த நூலை வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டும்.