உயர்த்திய கை: ஆங்கிலச் சிற்றூர் மன்றத் தேர்தல்களின் கதை



இங்கிலாந்தின் மக்களாட்சி என்றதும் பலர் நினைவிலும் எழுவது தேம்சு நதிக்கரையில் நிற்கும் நாடாளுமன்றக் கட்டடமே. அந்நாட்டுச் சிற்றூர்களின் ஆட்சி பிறந்த இடமோ வேறு. தேவாலயத்தை ஒட்டிக் குருமார் திருவுடை அணிவதற்கென ஓர் அறை உண்டு. அதற்கு வெஸ்ட்ரி என்று பெயர். ஊர்க் காரியங்களைப் பேச அங்கே கூடிய கூட்டத்தையும் மக்கள் வெஸ்ட்ரி என்றே அழைத்தனர். சாலையைச் செப்பனிடுவதும், வறியவர்க்கு உதவி வழங்குவதும், அவற்றுக்கு வரி விதிப்பதும் நெடுங்காலம் அக்கூட்டத்தின் பொறுப்பாக இருந்தன.

கூட்டம் ஊருக்கு உரியது என்றாலும் வாக்கு ஊரார் அனைவர்க்கும் ஒன்றாக இருந்ததில்லை. 1818ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதனை வெளிப்படையாகவே எழுதி வைத்தது. 50 பவுனுக்குக் குறைவான வரிமதிப்புடைய சொத்துக்கு ஒரு வாக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 25 பவுனுக்கும் இன்னொரு வாக்கு. உச்ச வரம்பு ஆறு. பெரிய நிலக்கிழார் ஒருவர் அறைக்குள் நுழைந்தால் ஆறு பேர் நுழைந்ததாகக் கணக்கு. வாக்களித்தது மனிதனா, மண்ணா என்று கேட்கத் தோன்றுகிறதன்றோ?

1872இல் ஜோசப் ஆர்ச் என்பவர் தலைமையில் உழவுத் தொழிலாளர் சங்கம் கண்டனர். 1884ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுப்புற ஆண்களில் பெரும்பாலோர்க்கு நாடாளுமன்ற வாக்குரிமையை அளித்தது. இதனால் விந்தையான நிலை ஒன்று உருவாயிற்று. பேரரசின் அமைச்சரவையை மாற்றும் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்ற பண்ணைத் தொழிலாளியின் குரலுக்கு, தம் ஊர்க் கிணற்றைத் தூர்வாருவது பற்றிப் பேசும் கூட்டத்தில் எடை இல்லை.

அந்த முரணைத் தீர்க்க வந்ததே 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். முதுபெரும் தலைவர் கிளாட்ஸ்டன் மக்களவையில் ஆற்றிய இறுதி உரை, இச்சட்ட முன்வரைவில் பிரபுக்கள் அவை செய்த திருத்தங்களைப் பற்றியதே. 300 பேரோ அதற்கு மேலோ வாழும் சிற்றூர் ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று வேண்டும் என்றது சட்டம். தேவாலயத்தின் கையிலிருந்த உலகியல் காரியங்கள் அம்மன்றத்துக்கு மாறின. ஒருவர்க்கு ஒரு வாக்கு. பெண்கள், மணமானவர் உட்பட, வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் ஆகலாம். நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்க 1918 வரை காத்திருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

சட்டத்தின் ஓர் உட்பிரிவு தனியே போற்றத்தக்கது. ஊர்க்கூட்டம் மாலை ஆறு மணிக்கு முன்னர் தொடங்கலாகாது. பகலெல்லாம் வயலில் நிற்பவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து சேரட்டும் என்பதே அதன் கருத்து. சட்டப் புத்தகத்தில் இத்தகைய கரிசனம் அடிக்கடி தென்படுவதில்லை.

ஆயினும் அதே சட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் 1872 முதலே மறைவாக்கு முறை நிலவியது. சிற்றூர் மன்றத்துக்கோ, கூட்டத்தில் கையை உயர்த்தியே உறுப்பினரைத் தேர்ந்தனர். எவரேனும் வாக்குப்பதிவு கோரினால் மட்டுமே வாக்குச்சீட்டு வெளிவரும். எதிரே அமர்ந்திருப்பவர் கூலி தரும் பண்ணையார். குடியிருக்கும் குடிலும் பெரும்பாலும் வேலையோடு சேர்த்து அவர் தந்தது. வேலை போனால் கூரையும் போகும். அத்தகைய கூட்டத்தில் ஒரு கை மேலே எழுவதற்கு எத்தனை கனம் இருந்திருக்கும்!

அக்கனத்தை உணர்த்த நார்ஃபோக் மாவட்டத்துப் பர்ஸ்டன் என்னும் சிற்றூர் ஒன்றே போதும். 1911இல் ஆனி ஹிக்டன் அவ்வூர்ப் பள்ளியின் தலைமையாசிரியையாக வந்தார். அவர் கணவர் டாம் ஹிக்டன் துணையாசிரியர். உழவுத் தொழிலாளர் சங்கத்தில் ஊன்றி உழைத்தவர். ஊரின் குருவானவரே பள்ளி நிருவாகக் குழுவின் தலைவராகவும் இருந்தார். 1913ஆம் ஆண்டு ஊர்மன்றத் தேர்தலில் டாம் ஹிக்டன் நின்றார். அவரோடு தொழிலாளர்களும் நின்றனர். முடிவு ஊரையே திகைக்க வைத்தது. ஹிக்டன் முதலிடம் பெற்றார். தொழிலாளர் மன்றத்தைக் கைப்பற்றினர். குருவானவர் கடைசி இடத்தில் தோற்றார்.

அடுத்த ஆண்டே விலை கேட்கப்பட்டது. ஆசிரியத் தம்பதியர் மீது குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று, அனுமதியின்றிப் பள்ளியில் கணப்பு மூட்டியது. மழையில் நனைந்து வந்த பிள்ளைகளின் ஆடையை உலர்த்தவே அத்தீ மூட்டப்பட்டது. இருவரும் பணிநீக்கம் செய்யப்பட்டனர். 1914 ஏப்ரல் 1 அன்று, வயலட் பாட்டர் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமி முன்செல்ல, பள்ளியின் 72 பிள்ளைகளில் 66 பேர் வெளியேறி ஊர்வலம் வந்தனர். தேர்தலில் வென்ற தந்தையர் தயங்கி நின்ற வேளையில் பிள்ளைகள் முந்திக்கொண்டார்கள் என்று கருதிவிடலாகாது. பெற்றோரும் உடன் நின்றனர். பிள்ளைகளைப் பழைய பள்ளிக்கு அனுப்பாத குற்றத்துக்காக நீதிமன்றத்தில் அபராதம் விதிக்கப்பட்டது. ஆதரவாளர்கள் வசூல் செய்து அதைக் கட்டினர். தேவாலய நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்கள் அந்நிலத்தை இழந்தனர். ஆனாலும் எவரும் வளையவில்லை.

முதலில் ஊர்ப் பசும்வெளியிலும், பின்னர் ஒரு தச்சுப் பட்டறையிலும் வகுப்புகள் நடந்தன. தொழிற்சங்கங்களும் பிறரும் அனுப்பிய நன்கொடையால் 1917இல் சொந்தக் கட்டடம் எழுந்தது. கொடுத்தோர் பெயர்களை அதன் முகப்புக் கற்களில் இன்றும் படிக்கலாம். திறந்து வைத்தவர் வயலட் பாட்டரே. வேலைநிறுத்தப் பள்ளி என்று பெயர் பெற்ற அது கால் நூற்றாண்டு நடந்தது. ஆண்டவன் முன்னிலையில் யாவரும் சமம் என்று கற்பிக்க வேண்டியவரோடு ஏற்பட்ட மோதலில் ஊராரே அப்பாடத்தை நடத்திக் காட்டினர் எனலாம்.

பின்வந்த வரலாற்றைச் சுருங்கச் சொன்னால் போதும். கையுயர்த்தித் தேரும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நீக்கப்பட்டு, மறைவாக்கு வந்தது. சிற்றூர்களுக்கு மேலடுக்காக 1894 முதல் இயங்கிய நாட்டுப்புற வட்டார மன்றங்கள் 1974இல் கலைந்தன. சிற்றூர் மன்றங்களோ நிலைத்தன. இன்று நகர்மன்றங்களையும் சேர்த்து அவை ஏறத்தாழ பத்தாயிரம். ஆனால் பல ஊர்களில் இருக்கைகளின் எண்ணிக்கைக்கு மேல் வேட்பாளர் வருவதில்லை. போட்டியின்றியே மன்றம் அமைகிறது. காலியாக எஞ்சும் இடங்களுக்கு ஆட்களை அழைத்து அமர்த்துகிறார்கள். குடிலை இழக்கும் அச்சம் நீங்கிய பின்னர் கூட்டத்துக்கு வருவோர் குறைந்தனர் என்பதை அவ்வூர்க் கவிஞர் எவரேனும் பாடக்கூடும்.

டாம் ஹிக்டன் 1939இல் மறைந்தார். பள்ளியும் அவரோடு முடிந்தது. வாக்குச்சீட்டில் மறைவாகக் குறியிடும் ஊர்மன்றத் தேர்தலை அவர் காணவில்லை. 1946இல் ஆனியும் மறைந்தார். இருவரும் உறங்குவது பர்ஸ்டன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்திலேயே.