வெற்றுக் கம்பியும் விழிப்புணர்வும்



நம் அணுபுரத்தை அடுத்த கல்பாக்கத்தில், 1984 சனவரியில், அணுவினின்று மின்சாரம் வணிக முறையில் விளையத் தொடங்கிற்று. அவ்வூரின் அருகே வளரும் நம் பிள்ளைகள், அறிவியற் கண்காட்சிக்கென மின்கலத்தையும் செப்புக் கம்பியையும் இணைத்துச் சிறு கருவிகள் செய்கின்றனர். கம்பி வெளியே தெரிகிறதென்று பெற்றோர் சிலர் அவற்றைப் பிடுங்கி எறிகின்றனர். அஞ்சுவது அஞ்சாமை பேதைமைதான். ஆயினும் எதற்கு அஞ்சுவதென அறிதல் வேண்டுமன்றோ?

உலர்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம். 9 வோல்ட் மின்கலத்தை 50,000 ஓம் தடையுள்ள உடலில் இணைத்தால் பாயும் மின்னோட்டம் 0.18 மில்லி ஆம்பியரே. ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால்தான் நாம் உணர்வோம். ஆகவே, அவ்வெற்றுக் கம்பியை உலர்ந்த கையால் தொடுவதில் தீங்கில்லை. ஈரமும் புண்ணும் இத்தடையைப் பன்மடங்கு குறைத்துவிடும்.

எனில், ஆபத்து எங்கே உள்ளது? முதலாவது, வெப்பம். 12 வோல்ட் வண்டி மின்கலத்தின் இரு முனைகளும் ஒரு கம்பியால் நேராக இணையுமாயின், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், கம்பி செந்தழலாகும், விரலிலுள்ள மோதிரமும் சுடும். பழைய கைப்பேசியின் லித்தியம் மின்கலம் இவ்வாறு இணைந்தால் தீப்பற்றவும் கூடும். இரண்டாவது, மறைந்திருக்கும் உயர் மின்னழுத்தம். மின்மாற்றியின் ஒருபுறம் 12 வோல்ட். மறுபுறமோ 230 வோல்ட். மின்மாற்றியே இல்லாத மலிவான சில கருவிகளில், வெளிவரும் கம்பியும் வீட்டு மின்சாரத்தோடு நேரே தொடர்புடையது. பழைய ஒளிப்படக் கருவியின் மின்னொளிப் பகுதியிலுள்ள மின்தேக்கி, சிறு மின்கலத்தைக் கொண்டே 300 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கும்.

கடற்காற்று வீசும் நம் பகுதியில் உப்பு படிந்து செம்பு பச்சை பூக்கும், இணைப்பு தளரும், தளர்ந்த இணைப்பு சூடேறும். ஆதலின் இணைப்புகளை ஈயப்பற்று வைத்து, இன்சுலேஷன் டேப் சுற்றுக. மின்கலத்தின் அருகிலேயே தக்க ப்யூஸ் இடுக. இணைப்பை மாற்றுமுன் மின்கலத்தைக் கழற்றுக. 230 வோல்ட் பகுதியை ஆசிரியர் துணையின்றித் திறவாதீர்.

1831இல் மைக்கேல் பாரடே தம் இரும்பு வளையத்தில் செப்புக் கம்பி சுற்றியபோது, இன்றுள்ள பிளாஸ்டிக் உறை கிடையாது. அவர் நூலையும் துணியையும் இடையிட்டுச் சுற்றுகளைப் பிரித்தார். அச்சோதனையே மின்மாற்றிக்கு வித்தாயிற்று. அவர் கொல்லர் மகன், புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர், உயர்கல்வி பெற்றவரல்லர். வறுமை அவர் கையைக் கட்டவில்லை. கவனம் அவர் கையைக் காத்தது.

நம் தந்தையரும் பாட்டன்மாரும் கையால் உழைத்தனர். அக்கைகளிடம் நூலைக் கொடுக்க உலகம் மறுத்தது. இன்று நூலும் கருவியும் நம் பிள்ளைகளின் கைக்கு எட்டியுள்ளன. அறியாத அச்சத்தால் அவற்றை நாமே பறித்தல் தகாது. அறியாத துணிவால் ஒரு பிள்ளையை இழத்தலும் தகாது. பெற்றோரே, கம்பியைப் பிடுங்குமுன், "இதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். விடை மின்கலமாயின் அருகிருந்து பாருங்கள். சுவரிலுள்ள பிளக் எனின் தடுத்து ஆசிரியரிடம் அனுப்புங்கள்.