கடைமடையில் ஒரு பசுமைமாறாக் காடு

மழைக்காடு ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரருக்கு ஆசை வந்தால், அவர் மேற்கே பயணம் கிளம்புகிறார். வால்பாறை என்கிறார், சைலண்ட் வேலி என்கிறார், இன்னும் துணிந்தவர் ஆகும்பே வரை போகிறார். அந்த ஆசை நியாயமானது. குடகு மலைக் காடுகளில் விழுகிற தென்மேற்குப் பருவமழைதான் மேட்டூரில் தேங்கி, ஜூன் மாதம் மதகு திறந்ததும் நம் குறுவைக்கு வருகிறது. ஆனால் காவிரி நாட்டுக்குத் தலைமாட்டில் ஒரு காடு இருப்பதைப் போலவே கால்மாட்டிலும் ஒரு காடு இருக்கிறது. திருவாரூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று வயல்வெளி வழியாகவே போய், நிலம் முடிந்து கடல் வளைகிற முனையில் நிற்கிறது கோடிக்கரைக் காடு. 1991 வரை அது தஞ்சாவூர் மாவட்டத்துக் காடு. இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. பறவை பார்க்கப் போகிறவர்களுக்கும், ஆடி, தை அமாவாசைக்குக் கடலாடப் போகிறவர்களுக்கும் அந்த ஊர் தெரியும். அங்கே இருப்பது ஒரு தொன்மையான காடு, அந்தக் காட்டுக்காகவே அங்கே போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. இன்றைய உரையில் நான் சொல்ல வருவது அதைத்தான்.

இதைச் சொன்னதும் முதலில் எழுகிற மறுப்பு, அது மழைக்காடே இல்லையே என்பது. உண்மைதான், இல்லை. ஆகும்பேயில் ஓராண்டில் 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கோடிக்கரைக்கு வருவதோ அதில் ஒரு சிறு பங்கு. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அதன்பின் பல மாதம் வெயிலும் உப்புக்காற்றும்தான். காவிரித் தண்ணீரும் அந்தக் கடைமடைக்கு அரிதாகவே எட்டுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் மரங்கள் கோடையில் இலை உதிர்த்து நிற்பதுதான் வழக்கம். கோடிக்கரை மரங்களில் பெரும்பாலானவை அப்படி நிற்பதில்லை; சித்திரை வெயிலிலும் பச்சையாகவே இருக்கின்றன. தாவரவியலார் இதை உலர் பசுமைமாறாக் காடு என்று தனி வகையாக வைத்திருக்கிறார்கள். எப்படி இது முடிகிறது என்பதை அங்குள்ள பாலை மரத்தின் ஓர் இலையிலேயே பார்க்கலாம். இரண்டு மூன்று அங்குல நீளம், தோல் போன்ற தடிப்பு, மேலே மெழுகு பூசிய மினுமினுப்பு. நுனி கூராக இல்லாமல் சற்றே உள்வாங்கிப் பிளந்திருக்கும். காம்பை ஒடித்தால் பால் வரும். உள்ளே இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் காக்கிற இலை அது. வயநாட்டு மரம் வானத்தை நோக்கி ஓங்குகிறது. பாலை ஓங்குவதில்லை, கிளைகளை நெருக்கி, பக்கத்து மரத்தோடு தோள் கோத்து, காற்றுக்கு உடம்பைக் கொடுத்து நிற்கிறது. வளர்ச்சி மிக மெதுவு, அதனால் வைரம் பாய்ந்த மரம். உலக்கை செய்ய ஏற்றது என்பதால் உலக்கைப்பாலை என்றும் பெயர். அதன் நிழலுக்குள் நாவல், வீரை, காரை, உகாய், சங்கஞ்செடி, சூரை முள் எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. ஆள் உயரத்துக்குச் சற்று மேலேயே விதானம் தொடங்கிவிடும். உயரத்தை வைத்துக் காட்டை அளப்பவருக்கு இது புதராகத் தெரியலாம். மழை இல்லாத மாதங்களில் உயிர் தாங்குகிற திறமையை வைத்து அளந்தால் இதற்கு இணையான காடுகள் நம் நாட்டில் அதிகமில்லை.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. கோடிக்கரை நிலமே புதுசு, அங்கே காடு மட்டும் எப்படித் தொன்மையாகும் என்று நிலவியல் தெரிந்தவர்கள் கேட்கலாம். வேதாரண்யம் பக்கத்து மணல்மேடுகள் கடல் பின்வாங்கப் பின்வாங்க ஒன்றன்பின் ஒன்றாக ஒதுக்கிவிட்டுப் போனவை. வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான். மலைகளின் கணக்கில் நேற்றுப் பிறந்தவை. இராமர் பாதம் என்று மக்கள் வணங்குகிற இடமும் அப்படி ஒரு மணல்மேடுதான், கோடிக்கரையின் உயரமான இடமே அதுதான். நிலம் புதுசு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காட்டின் வயது அது நிற்கிற மண்ணின் வயதல்ல. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கடலைத் தாண்டி இலங்கையின் வன்னிக்குப் போங்கள். அங்கேயும் பாலையும் வீரையும்தான் காட்டை ஆள்கின்றன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழி உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அப்போது தரை. இரு கரையிலும் இன்று ஒரே காடு இருப்பதற்கு அந்தப் பழைய தரைத்தொடர்பு பொருத்தமான விளக்கம். கடல் ஏறியபோது பின்வாங்கி, இறங்கியபோது புது மணலில் கால் ஊன்றி, கரையோடு கரையாக நகர்ந்து வந்திருக்கிறது இந்தக் காட்டின் குலம். ஒரு காலத்தில் விசாகப்பட்டினத்திலிருந்து இராமநாதபுரம் வரை கடலோரத்தில் 30 முதல் 60 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவியிருந்த காடு இது. மற்ற இடங்களில் அது வயலாகவும் ஊராகவும் மாறி, புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு போலச் சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்ட துண்டுகளில்தான் மிஞ்சியிருக்கிறது. கோடிக்கரையில் மட்டும்தான் நம் பகுதியில் பரந்த அளவில் பார்க்க முடிகிறது.

காட்டின் தரத்துக்கு விலங்குகளும் பறவைகளும் சாட்சி சொல்கின்றன. புரட்டாசி, ஐப்பசியில் வடக்கே இருந்து இரவோடு இரவாகப் பறந்து வந்து இறங்குகிறது ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, கண்ணைத் தாண்டி ஓடும் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் சிவப்பு, குட்டை வால். சருகைப் புரட்டிப் புழு தேடுகிற பறவை அது. நிழலும் ஈரச்சருகும் இல்லாத இடத்தில் தங்காது. இலங்கைக்குப் போகிற பறவைகளுக்குக் கடலைத் தாண்டுமுன் கிடைக்கிற கடைசி நிழல் இந்தக் காடு. பூநாரைகளும் உள்ளான்களும் வந்து இறங்குகிற வேதாரண்யம் சதுப்பு நிலம் 2002இல் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்து உலகப் பெயர் பெற்றது. அந்தப் புகழின் வெளிச்சத்தில், பக்கத்துக் காட்டுக்குள் சத்தமில்லாமல் சருகு கிளறுகிற குருவியை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. காட்டை ஒட்டிய புல்வெளி வெளிமானுடையது. 1967இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டதே அதற்காகத்தான். முறுக்கிய நீண்ட கொம்போடு, மேலே கருமையும் அடியில் வெண்மையுமாக நிற்கிற கிடா தன் எல்லையைப் புழுக்கைக் குவியலால் அடையாளம் வைத்துக் காக்கும். வெயில் ஏறினால் நிழலுக்கும், கோடையில் விழுகிற பழத்துக்கும் பல உயிர்கள் காட்டு ஓரத்தைத்தான் நம்பியிருக்கின்றன. காடும் புல்லும் சதுப்பும் சேர்ந்துதான் கோடிக்கரை.

இந்தக் காடு போனால் என்ன, வேறு மரம் நட்டுக்கொள்ளலாமே என்பார்கள் சிலர். நட்டுப் பார்த்தாயிற்று. கடலோரம் முழுக்கச் சவுக்கு இருக்கிறது. அதன் அடியில் ஊசிச்சருகு மெத்தையைத் தவிர அதிகம் முளைப்பதில்லை. விறகுக்கும் வேலிக்கும் கொண்டுவந்த சீமைக்கருவேலம் வெளிமானின் புல்வெளியைப் பிடித்துக்கொண்டது. மான்களும், வளர்த்தவர்கள் கைவிட்டுக் காட்டில் பெருகிய குதிரைகளும் அதன் காயைத் தின்று, போகிற வழியெல்லாம் விதையைப் பரப்புகின்றன. குதிரைகளைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அவற்றின் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் புல் குறைவான கோடையில் மானுக்கும் குதிரைக்கும் ஒரே மேய்ச்சல் என்பதை மறைத்துப் பேசக் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது இந்தக் காடும் நொறுங்கியது, மான்கள் மாண்டன. காடு புயலைத் தடுத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் புயலில் சாய்ந்த தென்னைக்கு மாற்றாக நட்ட கன்று சில ஆண்டுகளில் காய்க்கும். சாய்ந்த ஒரு முதிர்ந்த பாலை இருந்த இடம் அதே நிலைக்கு வர மனித ஆயுள் ஒன்று போதாது. நாற்றங்கால் வைத்து அவசரப்படுத்த முடியாத பொருள் என்பதால்தான் மிஞ்சியிருப்பதைக் காக்கச் சொல்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு பருவம். பறவைக்கு என்றால் ஐப்பசி முதல் மாசி வரை. காட்டின் பசுமையைச் சோதித்துப் பார்க்க என்றால் கோடையில், சுற்றிலும் வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது போங்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 2023 முதல் மறுபடி ரயில் ஓடுகிறது, அங்கிருந்து பேருந்து. வனத்துறை அனுமதியோடு, காலை வெயில் ஏறுமுன் உள்ளே செல்லுங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டாம். கோடையில் வேதாரண்யம் கடைத்தெருவில் சின்னஞ்சிறு மஞ்சள் பாலைப்பழம் விற்கும். அதிகம் தின்றால் பால் ஒட்டி உதடு பிசுபிசுக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.