புயல் யாருடைய கோபம்?

(கடலோர ஊரொன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மார்கழி முடியும் வரையில் நம் கிழக்குக் கடற்கரைக்குப் புயற்காலம். இக்காலத்தில் இரண்டு விதமான ஆட்கள் ஊருக்குள் வருவார்கள். ஒருவர், கடலில் காற்றழுத்தம் குறைந்திருக்கிறது, படகை இறக்காதீர்கள் என்று சொல்ல வருகிறவர். மற்றொருவர், சமுத்திரராஜனுக்குக் கோபம் வந்திருக்கிறது, சாந்தி செய்ய வேண்டும், வீட்டுக்கு இவ்வளவு கொடுங்கள் என்று ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர். முன்னவர் பேச்சைக் காதில் வாங்காமல் பின்னவருக்குக் காசு கொடுத்தனுப்புகிற வழக்கம் நம்மில் இன்னும் போகவில்லை. அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்தியில் போட்டு உரசிப் பாருங்கள்.

கோபம் என்றால் அது எப்போது வேண்டுமானாலும் வர வேண்டுமல்லவா? வங்கக் கடலின் கோபமோ மாதக் கணக்கு வைத்துக்கொண்டு வருகிறது. சித்திரை, வைகாசியில் கொஞ்சம். ஐப்பசி முதல் மார்கழி வரை அதிகம். நடுவே ஆடி, ஆவணியில் கடும்புயல் அருமை. காரணம் என்ன? கடலின் மேல்தண்ணீர் சுமார் 26½ டிகிரிக்கு மேல் சூடேறியிருந்தால் நீராவி ஏராளமாய்க் கிளம்புகிறது. அது உயரே போய்க் குளிர்ந்து நீராகும்போது, தான் கொண்டுபோன சூட்டை வெளியே விடுகிறது. அந்தச் சூட்டால் காற்று இன்னும் இலேசாகி மேலெழும்ப, கீழே அழுத்தம் குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றுப்புறக் காற்று ஓடி வருகிறது. பூமி சுழலுவதால் அது நேரே வராமல் வளைந்து சுற்றுகிறது. இதுதான் புயல். தென்மேற்குப் பருவக்காற்று மும்முரமாயிருக்கும் மாதங்களில் கீழ்க்காற்று ஒரு திசையிலும், மேல்காற்று எதிர்த்திசையிலும் ஓடுவதால், இந்தச் சுழல் நிமிர்ந்து நிற்க முடியாமல் சிதைந்து போகிறது. அடுப்பில் உலை கொதிக்க எவ்வளவு தெய்வ சித்தம் வேண்டுமோ அவ்வளவுதான் இதற்கும் வேண்டும்.

“அதெல்லாம் சரி, பாவத்துக்குத் தண்டனையாகத்தான் அது வருகிறது” என்று சிலர் சொல்லுவார்கள். பெரியவர்களும் இப்படிப் பேசியதுண்டு. 1934 ஜனவரியில் பீகாரில் பூகம்பம் வந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று காந்தியார் சொன்னார். அது தவறான வாதம் என்று கவி தாகூர் பகிரங்கமாய் மறுத்தார். தீண்டாமை ஒழிய வேண்டியதுதான். அதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தீண்டாமை பாராட்டினவனை விட்டுவிட்டு, தீண்டப்படாதவன் குடிசையையும் சேர்த்து இடிக்கிற கடவுளை நீதிபதி என்று எப்படி அழைப்பது?

தனுஷ்கோடியைப் பாருங்கள். பாவத்தைக் கழுவுவதற்கென்றே தேசமெங்குமிருந்து போகும் தீர்த்தம் அது. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து அந்த ஊருக்குப் போன ரயிலை, நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு கடல் விழுங்கிவிட்டது. ஊரே அழிந்தது. பாவம் போக்கும் இடத்திலேயே பாவத்துக்குத் தண்டனை என்றால், அந்தத் தீர்த்தத்துக்கு என்னதான் சக்தி?

இனி ஒரிசாவுக்கு வாருங்கள். 1999 அக்டோபர் 29-இல் அங்கே அடித்த பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். 2013 அக்டோபர் 12-இல் அதே கரையில் ‘பைலின்’ என்ற கடும்புயல் அடித்தது. அப்போது ஒரிசாவில் இறந்தவர் தொகை ஐம்பதை எட்டவில்லை. இந்தப் பதினான்கு வருஷத்தில் கடவுளின் கோபமா தணிந்தது? இல்லை, ஜனங்கள் புண்ணியவான்களாகிவிட்டார்களா? இரண்டுமில்லை. சர்க்கார் புயல் காப்பகங்களைக் கட்டியது. நாட்கணக்கில் முன்கூட்டியே எச்சரிக்கை சொன்னது. சுமார் பத்து லட்சம் பேரைக் கரையைவிட்டுக் கிளப்பியது. அவ்வளவே. ஆகவே 1999-இல் மாண்டவர்களில் பெரும்பாலோர் மாளாமல் இருந்திருக்கக் கூடியவர்களே.

தாய்மார்களே! உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 1991 ஏப்ரல் 29-இல் வங்காள தேசத்தில் அடித்த புயலில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வயதுவந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்களே பல மடங்கு அதிகமாய் மாண்டார்கள். கடல் ஆண், பெண் பார்த்தா அடித்தது? புருஷன் வந்து சொல்லாமல் வீட்டைவிட்டுப் போகக் கூடாது. அன்னிய ஆண்கள் இருக்கும் காப்பகத்தில் தங்கக் கூடாது. உடம்பைச் சுற்றிய நீளச் சேலையோடு, கையில் குழந்தையோடு தண்ணீரில் போராட வேண்டும். இப்படியாக மதமும் வழக்கமும் போட்ட கட்டுத்தான் பல பெண்களை முழுகடித்தது. நம் வீட்டில் அந்தக் கட்டு இல்லையென்று யாராவது நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா?

ஜாதியும் அப்படியே. மேடான இடம் ஊருக்கு, பள்ளமான இடம் சேரிக்கு என்று பிரித்தது கடல் அல்ல. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை புயல் அல்லவென்றாலும், அதே கடல், அதே கரைதான். உயிர் தப்பி வந்த ஆதிதிராவிடத் தோழர்கள் நிவாரண முகாம்களில் ஒதுக்கப்பட்டதைப் பற்றி அப்போதே அறிக்கைகள் வெளிவந்தன. தண்ணீர் எல்லோரையும் ஒன்றாய் அடித்துப் போட்ட மறுநாளே, சோற்றுப் பானைக்கு முன்னால் ஜாதி எழுந்து நின்றுகொண்டது. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

2017 நவம்பரில் வந்த ‘ஒக்கி’ புயலில், ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரிக் கடலோர மீனவத் தோழர்கள் பலர் கரை திரும்பவில்லை. புயல் உருவாகும் முன்பே கரையைவிட்டுப் போனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. ஒரு செய்தி எட்டாததற்குச் சாந்தி ஹோமம் என்ன பரிகாரம்? தூரக்கடலிலும் செய்தி கேட்கும் கருவி ஒவ்வொரு படகிலும் இருப்பதுதான் பரிகாரம்.

ஆகையால் நாம் உங்களைக் கேட்டுக்கொள்ளுவது இதுதான். இந்த வருஷம் சாந்திக்கென்று வசூல் கேட்டு வந்தால், “புயலை நிறுத்த முடியுமென்று எழுதிக் கொடுங்கள், நிற்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தாருங்கள்” என்று கேளுங்கள். அந்தக் காசைக் கொண்டு கயிறு, விளக்கு, அரிசி, மருந்து வாங்கி வையுங்கள். நம் ஊர்க் காப்பகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, கூரை ஒழுகுகிறதா, பெண்களுக்குத் தனிக் கக்கூசு இருக்கிறதா என்று நாளையே போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் சர்க்காரை விடாமல் கேளுங்கள். அது பிச்சையல்ல, நம் வரிப்பணம். அந்தக் காப்பகத்தில் சேரிக்கு ஒரு மூலை, ஊருக்கு ஒரு மூலை என்ற பேச்சு எழக் கூடாது என்று இன்றே தீர்மானம் செய்யுங்கள். எச்சரிக்கை வந்தால், புருஷன் வரட்டும் என்று காத்திராமல் குழந்தைகளோடு புறப்பட்டுவிடும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டென்று இங்கேயே ஒப்புக்கொள்ளுங்கள்.

காற்று வரத்தான் செய்யும். அது வருவதற்கு முன் இவ்வளவும் செய்து முடிக்க இந்த ஊரில் எத்தனை பேர் முன்வருகிறீர்கள் என்பதைக் கூட்டம் முடிந்ததும் தலைவரிடம் பெயர் கொடுத்துத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.